சாவியைக் கொடுப்பதற்கு முன்னால்...

ஆடி பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தமே நடந்தது. மூத்தவனுக்குப் பதினெட்டு முடிந்து, எல்.எல்.ஆர். போட்டு, லைசென்ஸும் கைக்கு வந்தாயிற்று. "அம்மா, அப்பாகிட்ட நீ சொல்லு. சீக்கிரம் ஒரு கார் வாங்கிட்டா, ஆடிப் பதினெட்டுக்கு நாங்க அஞ்சு பேரும் கொல்லிமலை போயிட்டு வந்துருவோம்" என்று சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

சேந்தமங்கலத்துக்காரர்களுக்குக் கொல்லிமலை கொல்லைப்புறம் மாதிரி. ஆனால் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம் ஆன பிள்ளை, பக்கத்தில் நாலு சிநேகிதர்கள், பாட்டு, சிரிப்பு... எனக்கு அடி வயிறு கலங்கியது.

எந்தக் கார் என்பதிலும் வீட்டில் இரண்டு கட்சி. பையனுக்கு, உயரமாக, பெரிய சக்கரத்தோடு ஒரு வண்டி வேண்டும். என் வீட்டுக்காரரோ, "கத்துக்குற பையன், எப்படியும் எங்கேயாவது இடிக்கத்தான் போறான். பழைய வண்டி ஒண்ணு சல்லிசா வந்தாப் போதும்" என்றார். நம்மில் பலரும் இப்படித்தானே நினைக்கிறோம்? நானும் தலையாட்டினேன்.

என் பெரிய மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல் பக்கம் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் அபூர்வம். காப்பியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவர், "ஏன் மாப்ளே, இடிக்கறதுக்குன்னே வாங்கறதா இருந்தா, இடிச்சா உள்ளே இருக்கறவன் பொழைக்கற வண்டியாப் பார்த்தல்ல வாங்கோணும்?" என்றார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை.

மாமா சொன்னதில் எத்தனை நியாயம் என்பது விசாரிக்க விசாரிக்கப் புரிந்தது. 2014-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, நம் நாட்டில் அதிகம் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம்! அவற்றில் ஏர்பேக் கூட இல்லை. அதற்குப் பிறகுதான் சட்டம் ஒவ்வொன்றாக மாறியது. ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் வந்தது. டிரைவருக்கு ஏர்பேக் 2019 ஜூலை முதல். பக்கத்து சீட்டுக்கு 2021 கடைசியில்தான் கட்டாயமானது. ஆகவே பழைய கார் வாங்கினாலும், 2022-லோ அதற்குப் பிறகோ தயாரானதாகப் பாருங்கள். பணம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். பாட்டுப் பெட்டியிலும் சீட் உறையிலும் மிச்சம் பிடிக்கலாம்.

ஏ.பி.எஸ். என்றால் ஏதோ பெரிய இயந்திர சமாசாரம் என்று நானும் பயந்தேன். சுலபம்தான். பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சாதாரண வண்டியில் சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி வழுக்கிக்கொண்டு போகும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேட்காது. ஏ.பி.எஸ். சக்கரத்தை இறுக விடாது. மிதித்தபடியே வண்டியைத் திருப்பலாம். அப்போது காலடியில் பிரேக் படபடவென்று அதிரும். புதிதாக ஓட்டுகிற பிள்ளை ஏதோ கெட்டுவிட்டது என்று காலை எடுத்துவிடுவான், எடுக்கக் கூடாது. இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏர்பேக்கும் பெல்ட் போட்டவர்களுக்குத்தான் சரியாக உதவும், பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம்.

உயரமான வண்டி ஆசையையும் மாமா ஆற்றிவிட்டார். ஒடித்துத் திருப்பினால் உயரம் கூடக் கூடச் சாய்மானமும் கூடுமாம்.

பழைய வண்டி பார்க்கப் போனபோது அவர் முதலில் குனிந்தது டயருக்குத்தான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. வண்டி பளபளவென்று இருந்து டயர் கிழடாக இருந்தால் விலையில் பேசுங்கள். ஆளில்லாத ரோட்டில் நாற்பதில் ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார். ஒரு பக்கமாக இழுத்த வண்டியை அங்கேயே வேண்டாமென்றார். ஆர்.சி.யில் கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதும், வாங்கியதும் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் இரண்டையும் பெயர் மாற்றுவதும் நம் வேலை. விற்றவர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்து, ஏதாவது நடந்த பிறகு அலையக் கூடாது.

இந்த அமர்க்களத்தில் பதினாறு வயது மகள், "அப்ப எனக்கு ஸ்கூட்டர்?" என்றாள். சட்டப்படி பதினாறில் ஓட்டக்கூடியது கியர் இல்லாத, 50 சிசி-க்கு மிகாத வண்டி மட்டும். டியூஷனுக்குப் பிள்ளைகள் எடுத்துப்போகும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசி-க்கு மேல். தெருக்கோடிக் கடைக்குத்தானே என்று சாவியைக் கொடுக்கிறோம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்குப் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸும் கிடையாது. அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுநாளே ஸ்கூட்டர் சாவி ஆணியிலிருந்து பீரோவுக்குப் போய்விட்டது.

நியூஸிலாந்தில் 1987-லேயே ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். இளசுகளுக்கு முழு லைசென்ஸ் ஒரேயடியாகக் கிடைக்காது. தனியாக ஓட்ட ஆரம்பிக்கும் கட்டத்தில் இரவில் தனியே ஓட்டவும், அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் மற்றவர்களை ஏற்றவும் தடை. வண்டியில் சம வயசுக் கூட்டம் சேரச் சேர ஆபத்தும் கூடுவதுதான் காரணம். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. எங்கள் வீட்டில் போட்டுவிட்டோம். ஆறு மாதம் சிநேகிதர்களை ஏற்றக் கூடாது, இரவு எட்டுக்குப் பிறகு ஓட்டக் கூடாது, செல்போன் டாஷ்போர்டு பெட்டிக்குள். இரண்டு நாள் சாப்பிடாமல் முறைத்தான். மூன்றாம் நாள் பசித்தது.

ஆடிப் பதினெட்டுக்கு ஐந்து பேரும் பஸ்ஸில்தான் மலைக்குப் போனார்கள். கார் புரட்டாசியில் வந்தது. 2022-ல் தயாரான வெள்ளை வண்டி. கலர் மட்டும் பையனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் நாமக்கல், ராசிபுரம் என்று சமதளத்தில் ஓட்டிய பிறகு, மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவனை மலைக்கு அழைத்துப் போனார். பின் சீட்டில் நானும் மகளும்.

"ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் கண்ணு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி, கடைசி வளைவில பிடிக்காது. ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டு நில்லு" என்று வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார். சோளக்காட்டிலிருந்து இறங்கி முடிக்க எத்தனை நேரம் ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. காரவள்ளியில் வண்டியை ஓரம் கட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா, இன்னொரு தடவை நீங்க கூட வருவீங்களா?" என்று கேட்டான்.