பேரேட்டில் தமிழ்ப் பெயர்கள்: புரோகிராம் மாற்றுமுன் கவனிக்க

மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்ப் பல வருடங்களாகின்றன. சரக்கின் பெயரையும் பற்று வாடிக்கையாளர் பெயரையும் தமிழிலேயே பதியும் அன்பர்கள் நம்மில் கணிசமாக உண்டு. பழைய புரோகிராமை விட்டுப் புதியதற்கு மாறும்போது தொகை சரியாக வந்து சேர்கிறது, பெயர்தான் கெட்டுப்போகிறது. யாருடையது என்று தெரியாத பாக்கியை எவரிடம் போய்க் கேட்பது?

கம்ப்யூட்டர் எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. முன்பெல்லாம் எழுத்துரு தயாரித்த ஒவ்வொருவரும் தம் இஷ்டப்படி எண் கொடுத்தார்கள். பாமினியில் அடித்த 'பருப்பு', அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் முறைகளைக் கொண்டுவந்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது.

கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி பதிந்துவிட்டாலோ, போனது போனதுதான். தமிழுக்கு இடம் வைக்காத கட்டத்தில் யூனிகோடு எழுத்தைத் திணித்தால் இப்படி நேரும். எங்கள் மண்டிக்கு வந்த ஆள், "தானாகச் சரியாகிவிடும்" என்றார். ஆகவில்லை, பழைய நகல் இருந்ததால் தப்பினோம்.

இடம் பற்றாமையும் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'கொத்தமல்லி விதை' 43 பைட். பெயருக்கு 40 பைட் ஒதுக்கிய கட்டத்தில் அது 'கொத்தமல்லி வித' என்று வெட்டுப்படும்.

இதே கொத்தமல்லியில் இன்னொரு வில்லங்கம். 'கொ'வில் உள்ள குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்ணாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், மிஷினுக்கு வேறு வேறு சரக்கு. ஒன்றில் மூட்டைகள் இருக்க, மற்றதில் 'இருப்பு இல்லை' என்று காட்டும். குடோன் பையன் மீது பாயுமுன் இதைப் பாருங்கள்.

மாற்றித் தருபவரிடம் முழுத் தொகையையும் கொடுக்குமுன் ஐம்பது பெயர்களைப் பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். கொ, போ, மோ வருபவையும் நீளமானவையும் அதில் இருக்கட்டும். பழைய கணக்கின் நகலையும் அந்த எழுத்துருவையும் தனியே வாங்கி வையுங்கள். ரூபாய்க் குறி 2010இல் வந்தது. பழைய எழுத்துருக்களில் இராது. பில்லில் அந்த இடத்தில் வெறும் கட்டம் அச்சானால் 'ரூ.' என்றே போட்டுக்கொள்ளலாம்.