கோலார் மலையில் வற்றாத ஊற்று! ஞாயிற்றுக்கிழமை போய் வர ஓர் இடம்

கோலார் மாவட்டத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட கிடையாது. ஏரியை நம்பிய பூமி. ஆழ்குழாய்க் கிணறு தோண்டினால் ஆயிரம் அடிக்குக் கீழேதான் ஈரம் என்ற நிலை வந்தது. 2018-ம் ஆண்டு முதல் பெங்களூரின் கழிவு நீரைச் சுத்திகரித்து, குழாய் வழியாகக் கொண்டுவந்து இங்குள்ள ஏரிகளில் விடுகிறார்கள். நீங்களும் நானும் குளித்த தண்ணீர்தான்!

அப்படிப்பட்ட ஊரில், மலை மேல் ஒரு கல் நந்தியின் வாயில் இருந்து கோடையிலும் தண்ணீர் விழுகிறது. அதன் பெயர் அந்தரகங்கை.

பெங்களூர் மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினால் சுமார் 70 கிலோ மீட்டரில் கோலார். தங்கவயல்காரர்களுக்கு இன்னும் பக்கம். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரெயிலில் நின்றுகொண்டே பெங்களூர் வந்து போகிறவர்களிடம், லீவு நாளிலும் மலை ஏறு என்று சொல்வது நியாயமா? ஏறிப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

குரங்கு ஜாக்கிரதை

ஊரில் இருந்து சில கிலோ மீட்டரில் சதசிருங்க மலை அடிவாரம். அங்கிருந்து சில நூறு கல்படிகள். மர நிழல் உண்டு. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்கு பறித்தால் புளிசாதம் போனதுதான்.

படி முடியும் இடத்தில் காசி விசுவேசுவரர் கோவில். பக்கத்தில் குளம், நந்தி. காசியில் இருந்து கங்கையே பூமிக்கு அடியில் வருகிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியும் காரணமும் தலைக்கு மேலேயே இருக்கிறது. மலையின் உச்சி கூராக இல்லை, பரந்த மேடு. அங்கே பெய்யும் மழையை மண்ணும் மரமும் பிடித்து வைக்கின்றன. அது பாறை வெடிப்புகளில் மெல்ல இறங்கி, மாதக்கணக்கில் கசிந்து வருகிறது. மேலே மரத்தை வெட்டிப் பாறையை உடைத்தால், கீழே நந்தியின் வாய் உலரும்.

குகை வழி

பெரும்பாலோர் கோவிலோடு திரும்பிவிடுகிறார்கள். அது பாதி மலைதான். பின்னால் ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. யானை யானையாய்க் குவிந்த பாறைகள், நடுவே குகைகள். சில இடங்களில் தவழ்ந்துதான் போகவேண்டும். டார்ச் விளக்கும், வழி தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் நுழைய வேண்டாம். மழை நாளில் பாறை வழுக்கும்.

மேலே ஏறிவிட்டால் ஆச்சரியம்! ராகி வயல், மாடு, வீடு. தேரஹள்ளி கிராமம். வந்த படியிலேயே திரும்பாமல், கிராமத்துச் சாலை வழியாக இறங்கினால் ஒரு சுற்று முடியும்.

பஸ்சுக்கு நேரம் இருந்தால் ஊருக்குள் கோலாரம்மன் கோவிலுக்குப் போங்கள். அங்குள்ள ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.