தட்டில் புகையிலை வேண்டாம்

சகோதரிகளே, மலையகத்தில் மரண வீட்டுக்குப் போனால் முதலில் முன்னால் வருவது தட்டுத்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, பீடி. எங்கள் தோட்டத்து மாதர் சங்கம், கோயில் கமிட்டி, இளைஞர் கழகம் மூன்றும் கூடிப் பேசியபோது அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கினோம். புகையிலையும் பீடியும் போய்விட்டன. பாக்கு போகவில்லை. தனிப் பாக்கும் புற்றுநோய் தரும்தான். ஆனால் பாக்கில்லாத தாம்பூலமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. 2016 இல் மெல்லும் புகையிலைப் பொருட்களும் தடைசெய்யப்பட்டன. இருந்தும் லயத்துக் கடையில் கிடைத்தது. கடைக்காரரையும் கமிட்டியில் சேர்த்தோம். பொலிசுக்குச் சொல்வதைவிட அது பலித்தது.

"போயிலை போட்டாத்தான் பசி தெரியாம கொழுந்தெடுக்கலாம் மகள்" என்றார் ஒரு பெரியம்மா. மழை, அட்டை, கிலோ குறைந்தால் அரைப்பேர். இவரிடம் "விடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாமா? காலைச் சாப்பாட்டைப் பற்றியும் நிர்வாகத்துடன் பேசுகிறோம்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். மெல்லும் பெண்களுக்கும் அது வரும். வாயில் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்க முடியாமை இருந்தால் உடனே காட்டுங்கள். மகரகமைக்குப் போய்வர ஒரு நாள் போதாது, பேரும் போகும். அதனால்தான் எம்மவர் முற்றிய பிறகு போகிறார்கள். பல் வைத்தியர் அடுத்த மாதம் வருகிறார். கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே மேசை போடக் கேட்டிருக்கிறோம்.