மலைச்சரக்கு – 9: அழுகாத காய்க்கு ஆகாய வழி எதற்கு?

மதுரை விமான நிலையத்துக்குச் சர்வதேசத் தகுதி வேண்டும் என்ற கோரிக்கை தென்மாவட்டங்களில் பழையது. 2012-இல் கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கிய பிறகும், சுங்க விமான நிலையம் என்ற படியிலேயே அது பல ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மனக்குறை நியாயமானது. கோரிக்கைக்கு வலுச் சேர்க்க மல்லிகையோடு தேனி மாவட்டத்துப் போடி ஏலக்காயையும் சேர்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. மல்லிகை சரி; ஏலக்காயை அந்த வரிசையில் நிறுத்துவதுதான் இடிக்கிறது. ஓடுபாதை நீண்டால் ஏலமலை செழிக்கும் என்ற கணக்கைச் சரிபார்க்க, விமானத்தை நம்பியே ஒரு மேட்டுநில விவசாயம் தலையெடுத்த ஊரைப் பார்ப்பது நல்லது. கென்யத் தலைநகர் நைரோபி அப்படிப்பட்ட ஊர்.

அங்குள்ள ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தின் பெயர் 2024-இல் நம் நாளிதழ்களிலும் அடிபட்டது. அதானி குழுமம் அதை 30 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்க, ஊழியர்கள் செப்டம்பரில் வேலைநிறுத்தம் செய்ய, நவம்பரில் அதிபர் ரூட்டோ அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார். நிலையம் திறக்கப்பட்டது 1958-இல், ஆங்கிலேய ஆட்சியில், எம்பகாசி என்ற பெயரில். மாவ் மாவ் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளின் உழைப்பு அந்த ஓடுபாதையில் கலந்திருக்கிறது. நிலையம் இருப்பது 5,330 அடி உயரத்தில், போடிமெட்டைவிட உயரம். அந்த உயரத்தில் காற்று மெலிவதால் விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் மேல். ரோஜாவுக்கோ அதே உயரத்தின் குளிர் பிடித்துப்போனது. பூப்பண்ணைகள் நிறைந்த நைவாஷா ஏரிக்கரை நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஏறக்குறைய போடிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். வெட்டிய பூவைக் குளிர்கூடத்தில் வைத்து, குளிரூட்டிய வண்டியில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அதில் பெரும்பங்கு நெதர்லாந்துக்குப் போகிறது. அங்கே ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்தில் விலைமுள் மேலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்கு. வாடும் பொருளை நொடியில் விற்றுத் தீர்க்க ஏற்ற முறை அது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வழி சில நாட்கள் மூடப்பட்டபோது, கென்யாவில் ரோஜாக்கள் டன் கணக்கில் குப்பைக்குப் போயின.

இப்போது போடிக்கு வருவோம். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் இங்கே விலை கீழிருந்து மேலே ஏறுகிறது. பூவுக்கும் காய்க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்துவிடும். பறித்த பச்சைக்காயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு எடை உலர்த்தும்போதே போய்விடுகிறது. மலையிலுள்ள ‘ஸ்டோர்’ என்னும் உலர்கூடத்தில் ஒரு நாள் சூடேறி வெளிவந்த காயை, ஈரமும் வெளிச்சமும் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. 2020 ஊரடங்கில் ஏலம் வாரக்கணக்கில் நின்றபோது விலையைப் பற்றிய கவலை இருந்ததே தவிர, காய் அழுகும் என்ற கவலை இல்லை. ரயில் கதையும் இதையே சொல்கிறது. 2010 முடிவில் மூடிய மதுரை–போடி பாதையில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் ஏலம் நடந்துகொண்டுதான் இருந்தது.

விலை உயர்ந்த சரக்கு விமானக் கூலியைத் தாங்காதா என்று கேட்கலாம். தாங்கும். 2019 ஆகஸ்டில் கேரளப் பக்கமுள்ள புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய்க்கு அந்தக் கூலி பெரிதல்ல. ஆனால் தாங்குவது வேறு, தேவைப்படுவது வேறு. மலைக்கு அந்தப் பக்கம் நெடும்பாசேரியில் கொச்சி சர்வதேச நிலையம் 1999 முதல் இயங்குகிறது. அவசரமாக அனுப்ப நினைப்பவருக்கு வழி கால் நூற்றாண்டாகத் திறந்தே இருக்கிறது. 2019-இல் விலை ஏறக் காரணம் முந்தைய ஆண்டு வெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும். விமானத்துக்கு அதில் பங்கில்லை. (ஏலமலைக்குள்ளேயே, வண்டிப்பெரியாற்றை அடுத்த சத்திரத்தில் 650 மீட்டர் ஓடுபாதை உண்டு. 2022 டிசம்பரில் அங்கே முதல் சிறுவிமானம் இறங்கியது என்.சி.சி. மாணவர் பயிற்சிக்காக.) வெளிநாட்டுச் சந்தையில் நம் காய்க்கு விழும் அடி வேறு இடத்திலிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுபோய் நட்ட ஏலச்செடி குவாதமாலாவில் வேரூன்றி, அந்த நாடு நம்மை முந்திவிட்டது. பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகச் சொல்லிச் சவூதி அரேபியா இந்தியக் காயைத் திருப்பியதும் நடந்தது. திரும்பி வரும் சரக்கு கப்பலில் போனால் என்ன, விமானத்தில் போனால் என்ன?

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நைவாஷாவில் பூ பெருகியதற்கே விமான நிலையம்தான் காரணம். இங்கேயும் முதலில் கட்டினால் சரக்கு தானே வந்து சேராதா? இதற்குப் பதில் கென்யாவிலேயே இருக்கிறது. அன்றைய அதிபர் மோய் தம் பகுதியான எல்டோரெட்டில் ஒரு சர்வதேச நிலையம் கட்டி 1990-களின் இறுதியில் திறந்தார். அது நைரோபியைப் போன்ற ஏற்றுமதி வாசலாகவில்லை. இறங்கும் சரக்கைவிட ஏறும் சரக்கு வெகு குறைவு. நைரோபிக்கோ ஏற்கெனவே சுற்றுலா விமானங்களின் வரத்து இருந்தது, பக்கத்திலேயே குளிர்கூடங்களும் வண்டிகளும் வளர்ந்தன. ஓடுபாதை அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

ஆகவே, தேனி மாவட்டம் விமானத்தின் பெயரால் குரல் கொடுப்பதானால் அழுகும் சரக்கின் பெயரால் கொடுப்பதே பொருத்தம். வளைகுடாவுக்குப் போய்வரும் தொழிலாளிகளின் வசதி தனி நியாயம், அதில் மறுபேச்சில்லை. சரக்கு என்று வந்தால் கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், தொலைவுப் பயணம் தாங்காத மென்மை. விடியலில் பறித்து மாலையில் மலர்ந்துவிடும் மதுரை மல்லிகைக்கு அந்தக் குறியீடு 2013-இலேயே கிடைத்துவிட்டது. மதுரையின் 7,500 அடி ஓடுபாதையில் பெரிய சரக்கு விமானம் முழுப் பாரத்தோடு எழும்ப முடியாது. ஆனால் வெளிநாடு செல்லும் பயணிகள் விமானத்தின் அடியறையில் பெட்டிகளுக்கு இடம் உண்டு. அந்த இடத்துக்குப் பழம் வாடாமல் வந்து சேரக் கம்பத்தில் எத்தனை குளிர்கூடம், எத்தனை குளிர்வண்டி வேண்டும் என்று கணக்கெடுப்பதைச் சர்வதேசத் தகுதியோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.