இணையதளத்துக்கு வந்தவர் மீண்டும் வர வேண்டுமா?



நம்மில் பலர் புராஜெக்ட் என்ற பெயரில் ஏதாவது ஒரு இணையதளம் செய்கிறோம். கல்லூரி விழாவுக்கு ஒன்று, மாமாவின் விதைக் கடைக்கு ஒன்று, ஊர் கிரிக்கெட் டீமுக்கு ஒன்று. முகப்பில் பெரிய படம், ஓடும் எழுத்து, சுழலும் லோகோ எல்லாம் வைத்து, வைவா அன்று எக்ஸ்டெர்னல் முன்னால் ஓட்டிக் காட்டி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அதே தளத்தை ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து திறந்தால் எத்தனை நொடி அதில் இருப்பார்? போனவர் மறுபடி வருவாரா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் கேட்கப் போகிறேன். பதில் சொல்லப் பெரிய மனோதத்துவம் எதுவும் வேண்டாம். நாம் படித்த பிட், பைட் கணக்கும், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்ற அனுபவமும் போதும்.

முதலில் தளம் திறக்கட்டும்

1991-ல் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குக் காட்டிய முதல் இணையதளத்தில் படமே கிடையாது. வெறும் எழுத்தும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளும்தான். இன்று ஒரு சாதாரண அறிவிப்புப் பக்கமே பல எம்.பி. கனம். கனம் கூடினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டவுனில் நமக்கு 4ஜி தாராளமாகக் கிடைக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலைக்கு வளைந்து வளைந்து ஏறும்போது செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு இடத்தில் கிடைக்கும் வேகம் நொடிக்கு 100 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். 5 எம்.பி. பக்கம் என்றால் 5 × 8 = 40 மெகாபிட், அதாவது 40,000 கிலோபிட். 100-ஆல் வகுத்தால் 400 நொடி. ஆறு நிமிஷம் 40 நொடி! அதே செய்தியை 200 கே.பி.யில் கொடுத்தால் 1,600 கிலோபிட், 16 நொடி. எழுத்து மட்டும் 30 கே.பி. என்றால் இரண்டரை நொடிகூட ஆகாது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பக்கம் வர ஆரம்பிப்பதற்கு முன்பே செல்போனும் சர்வரும் நான்கு முறை போய்வரப் பேசிக்கொள்கின்றன. முகவரி கேட்க ஒரு முறை, தொடர்பு பிடிக்க ஒரு முறை, பாதுகாப்புப் பூட்டுப் போட ஒரு முறை, பக்கத்தைக் கேட்க ஒரு முறை. ஒரு போய்வரலுக்கு அரை நொடி ஆனால், முதல் எழுத்து வருவதற்கு முன்பே 2 நொடி காலி. அதனால்தான் பத்து வேறு வேறு தளங்களிலிருந்து ஃபாண்ட், விளம்பரம், பட்டன் என்று இழுக்கும் பக்கம் இன்னும் திணறுகிறது.

மனிதன் எவ்வளவு நேரம் பொறுப்பான்? பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-ல் தம் புத்தகத்தில் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்தது போலத் தோன்றும். 1 நொடிக்குள் வந்தால் சிந்தனை அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். 2016-ல் கூகுள் வெளியிட்ட கணக்கும் இதையே வேறு விதமாகச் சொன்னது. செல்போனில் ஒரு பக்கம் திறக்க 3 நொடிக்கு மேல் ஆனால் 53 சதவீத வருகைகள் பாதியிலேயே கைவிடப்படுகின்றனவாம்.

இதில் நஷ்டம் யாருக்கு? கடைக்காரருக்கு ஒரு வியாபாரம் போகும், அவ்வளவுதான். ஆனால் கல்வராயன் மலையில், குடும்பத்திலேயே முதல் ஆளாக டிப்ளமோ சேர நினைக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ நினைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசித் தேதி தெரிய வேண்டும். பக்கம் திறக்கவில்லை என்றால் அப்பா ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி டவுனுக்கு வந்து கேட்க வேண்டும். அதற்குள் தேதி போய்விட்டால் ஒரு வருஷமே போச்சு. நாம் அலங்காரத்துக்கு வைத்த 5 எம்.பி. படத்தின் விலை இதுதான்.

பஸ் போர்டு மாதிரி எழுதுங்கள்

பஸ் ஸ்டாண்டில் யாராவது ஒவ்வொரு போர்டையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறார்களா? சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவிலூர் என்று கண் ஓடும். தன் ஊர்ப் பெயரில் மட்டும் நிற்கும். இணையதளத்திலும் இதே கதைதான். 1997-ல் நீல்சன் குழு சோதித்தபோது 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே.

எனவே வந்தவர் தேடும் ஊர்ப்பெயர் முதலில் தெரிய வேண்டும். 'எங்கள் வலைத்தளத்துக்கு வருகை தந்த உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று நான்கு வரி எழுதி, கடைசித் தேதியை அடியில் வைத்தால் அது பஸ்ஸின் பின்பக்கத்தில் போர்டு மாட்டியது போல. தேதி, கட்டணம், தேவையான சான்றிதழ், யாரைக் கேட்பது, இவை முதல் திரையிலேயே இருக்கட்டும். பத்தி சிறியதாக, ஒரு பத்தியில் ஒரு விஷயமாக இருக்கட்டும்.

அறிவிப்பைப் பேப்பரில் டைப் அடித்து, போட்டோ பிடித்து, அந்தப் படத்தை ஏற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் எளிதில் கிடைக்காது. செல்போனில் விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டும். கண் தெரியாதவருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் தடுமாறும். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள், ப்ளீஸ்.

தமிழில் நடந்த நல்ல உதாரணங்கள்

இதற்கு வெளிநாட்டு உதாரணம் எதற்கு? 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தமிழ் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் பெரிய தடை எழுத்துரு. தளத்துக்குத் தளம் வேறு எழுத்துரு. அதை இறக்கிப் பதியாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் பூச்சி பூச்சியாக ஏதோ தெரியும். வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார். மதுரைத் திட்டம் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டில் இயங்கி, பிறகு யூனிகோடுக்கு மாறியது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று எந்தச் செல்போனிலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது. மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. பெயரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவேன் என்ற தொல்லையும் இல்லை. வேண்டிய நூல் முழுதாகக் கிடைக்கிறது. அதனால்தான் 25 வருஷம் தாண்டியும் ஆட்கள் போகிறார்கள்.

இரண்டாவது, 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. 2017-ல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அங்கே நம்மை நிறுத்தி வைப்பது எது? இணைப்புகள். கல்வராயன் மலை பற்றிப் படிக்கப் போனால் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு இணைப்பு, அங்கிருந்து இன்னொன்று. ஒரு சந்தேகம் தீர்ந்ததும் அடுத்த கேள்விக்குக் கதவு திறந்தே இருக்கிறது. நம் தளத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று பொருத்தமான ஒன்றிரண்டு இணைப்பு போதும்.

கட்டிப் போடுவது கூடாது

ஒரு எச்சரிக்கை. தங்க வைப்பதும் கட்டிப் போடுவதும் ஒன்றல்ல. முடிவே இல்லாமல் கீழே கீழே உருளும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஆசா ராஸ்கின். அதனால் மக்களின் நேரம் வீணாவதைப் பார்த்து, பிற்காலத்தில் அவரே வருத்தப்பட்டார். 'இன்னும் 5 நிமிஷம்தான்' என்று பொய் அவசரம் காட்டுவது, சொல்லாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பது, சேர எளிதாக்கி விலகக் கஷ்டமாக்குவது போன்ற 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை விதித்தது. நாளை வேலையில் சேர்ந்தபின் மேலதிகாரி இதையெல்லாம் செய்யச் சொன்னால், இப்படி ஒரு விதி இருப்பது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே 'சராசரியாக எத்தனை நிமிஷம் இருந்தார்' என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து நிமிஷம் இருந்தவர் ரசித்தாரா, இல்லை வழி தெரியாமல் அலைந்தாரா? கடைசித் தேதியை 20 நொடியில் பார்த்துவிட்டுப் போனவர்தான் நம் தளத்தின் வெற்றி. அடுத்த அறிவிப்புக்கு அவரே நேராக நம்மிடம் வருவார்.

உடனே செய்யக்கூடிய நான்கு வேலைகள்

1. படத்தைச் சுருக்குங்கள். 4000 × 3000 போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 800 × 600 ஆக்கினால் 4 லட்சத்து 80 ஆயிரம். 25-ல் ஒரு பங்கு. செல்போன் திரைக்கு இதுவே ஜாஸ்தி.

2. பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து உங்கள் தளத்தை ஓட்டிப் பாருங்கள். லேப் இணைப்பில் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. தளத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், அம்மாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ, போனைக் கொடுத்து ஒரு தேதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது! அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் தப்பு இருக்கிறது.

4. பழைய அறிவிப்பை எடுத்துவிடுங்கள். போன வருஷத் தேதி முகப்பில் இருந்தால், இந்த வருஷத்துத் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நண்பர்களே, டவுனில் ஓடும் தளத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வெள்ளிமலைக்கு மேலேயும் திறக்கும் தளத்தைச் செய்பவர்தான் டெக்னீஷியன். அடுத்த புராஜெக்ட்டில் முயன்று பாருங்கள்!