அறைக்குள் வளரும் பயிருக்கு ஏற்ற விளக்கு

பெங்களூர் நகர வீதிகளில் மின்விளக்குகள் எரியத் தொடங்கியது 1905ஆம் ஆண்டில். காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியினின்று பெற்ற மின்சாரமே அதற்கு உதவிற்று. அன்று விளக்கின் பணி மனிதனின் கண்ணுக்கு வழிகாட்டுவது ஒன்றே. இன்று அந்நகரின் கிழக்கே தொம்மலூர் போன்ற பகுதிகளில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் வெயில் எட்டாத அறைகளில், கீரைக்கும் நாற்றுக்கும் விளக்கு வைக்க விரும்புவோர் உளர். கடையிலோ பலவகை விளக்குகள் பலவிதமான எண்களைத் தாங்கி நிற்கின்றன. எதை நம்பி வாங்குவது?

முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். கண்ணின் அளவுகோல் வேறு, இலையின் அளவுகோல் வேறு. நமது கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பசுமை ஒளியையே மிகவும் கூர்மையாக உணர்கிறது. லூமென், லக்ஸ் என்னும் அளவுகள் இக்கண்ணை ஒட்டி வகுக்கப்பெற்றவை. இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் எல்லாவற்றையும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்த வல்லது. அவற்றுள் சிவப்பைச் சற்று மிகுதியாக விரும்புகிறது. ஆகவே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே பயிருக்குரிய அளவு. இதனை அளக்கும் கருவி விலை மிக்கது. ஆயினும் சாதாரண லக்ஸ் மீட்டர் கையிலிருப்பின், வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் கீழ் கிடைத்த எண்ணை 70ஆல் வகுத்தால் ஏறத்தாழச் சரியான மைக்ரோமோல் கணக்குக் கிட்டும். ஊதா நிற விளக்குகளுக்கு இவ்வழி பொருந்தாது.

நண்பகல் வெயில் சுமார் 2000 மைக்ரோமோல் தரும். லெட்டூஸ் போன்ற இலைப் பயிருக்கு நாள்தோறும் 16 மணி நேரம் 200 மைக்ரோமோல் போதும். அது நாளொன்றுக்கு 11½ மோல் ஆகிறது. முளைத்த பத்து நாட்களில் அறுத்துவிடும் கடுகு, வெந்தய நாற்றுகளுக்கு 100 மைக்ரோமோலே போதுமானது. தக்காளி, மிளகாய் முதலிய காய்க்கும் பயிர்களுக்கு இதனைப் போல் பன்மடங்கு ஒளி தேவை. அவற்றை அறைக்குள் வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுதலே நன்று.

இனிக் கணக்கிடுவோம். கடையில் எளிதில் கிடைக்கும் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு சுமார் 2000 லூமென் ஒளி தருகிறது. 70ஆல் வகுத்தால் வினாடிக்கு 28 மைக்ரோமோல். ஒரு சதுர மீட்டர் லெட்டூஸுக்கு 200 மைக்ரோமோல் வேண்டும்; ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு பக்கங்களில் சிதறிப்போகும் எனக் கொண்டால் 250 தேவை. அதற்கு 9 விளக்குகள், அதாவது 180 வாட். நாள்தோறும் 16 மணி நேரம் எரித்தால் மாதத்திற்கு 86 யூனிட் செலவாகும். பயிருக்கென்றே செய்யப்பெற்ற நல்ல விளக்கு ஒரு வாட்டுக்கு 2½ மைக்ரோமோல் அளிக்கும். ஆதலின் 100 வாட்டே போதும், மாதத்திற்கு 48 யூனிட்டே ஆகும். விலை கூடுதலாயினும் ஆண்டு முழுதும் பயிர் செய்வோருக்கு இதுவே சிக்கனம். ஆனால் பள்ளியில் அரைச் சதுர மீட்டர் தட்டில் நாற்று வளர்த்துக் காட்ட விரும்பும் ஆசிரியருக்கு இரண்டு அல்லது மூன்று சாதாரணக் குழல் விளக்குகளே தாராளமாகப் போதும்.

வாங்கும்போது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள ‘1000 வாட்’ என்பதைக் கண்டு மயங்கலாகாது. அத்தகைய விளக்குகள் சில உண்மையில் 100 வாட் மட்டுமே இழுக்கின்றன. உண்மையில் இழுக்கும் வாட் எவ்வளவு, ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்னும் இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டாவதற்கு விடை கூற இயலாத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே மேல். நிறத்தைப் பொறுத்தவரை, நீலமும் சிவப்பும் மட்டும் கலந்த ஊதா விளக்கு பயிரை வளர்க்கும் என்பது உண்மையே. எனினும் அதன் கீழ் இலையின் பசுமையையோ மஞ்சள் பூத்தலையோ புள்ளி நோயையோ கண்ணால் அறிதல் அரிது. மாணவர் பார்த்துப் பயில வேண்டிய இடத்தில் வெள்ளொளியே தக்கது. பழைய பாதரசக் குழல் விளக்குகளைப் புதிதாக வாங்க வேண்டா. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின்படி அவற்றை 2027ஆம் ஆண்டுக்குள் கைவிடுவதென 2023இல் முடிவாயிற்று.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். பெங்களூருக்கு வடக்கே சிக்கபள்ளாப்பூர் வட்டாரத்தில் சாமந்தி வயல்களில் இரவெல்லாம் சிறு பல்புகள் வானத்து மீன்களென ஒளிர்வதைக் கண்டோர் பலர். சில வாட் பல்புகளே அங்குப் பயன் தரும்போது, அறைக்கு மட்டும் ஏன் நூறு வாட்? காரணம், அவ்விளக்குகள் பயிருக்கு உணவளிப்பதில்லை. செய்தி மட்டுமே அளிக்கின்றன. சாமந்தி நீண்ட இரவில் பூக்கும் செடி. தாவரங்கள் இவ்வாறு பகலிரவின் நீளத்தை உணர்வதனைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் 1920இல் வெளியிட்டனர். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி சிறிதளவு சிவப்பொளியையும் உணர்ந்துகொள்ளும். நள்ளிரவில் மங்கலான ஒளி பட்டாலும், இரவு குறுகியதென்று செடி கருதி, பூவாமல் தண்டையும் இலையையும் வளர்க்கிறது. உழவர் விளக்கை நிறுத்தியபின் மொட்டு அரும்புகிறது. இதனால் பூ எக்காலத்தில் சந்தைக்கு வர வேண்டும் என்பதை உழவரே ஓரளவு தீர்மானிக்கலாம். வயலில் உணவுக்குப் பகலவன் இருக்கின்றான். அறையிலோ இரண்டுக்கும் விளக்கே பொறுப்பு. பல்பு எரிகிறதே என்றெண்ணி மங்கலான அறையில் நாற்றை வைத்தால், அது வெளிறி நீண்டு சாயும். களப்பணியாளர் அடிக்கடி காணும் குறை இதுவே.

மொட்டை மாடி உள்ள வீட்டில் அறைப்பயிர் வீண் செலவு என்பது எம் கருத்து. தெளிந்த நாளில் பெங்களூர் வெயில் 30 மோலுக்கு மேல் இலவசமாக வழங்குகிறது. மாடியில்லாதோரும், ஆண்டு முழுதும் ஒரே நிலையில் சோதனை நடத்த வேண்டியோரும் மட்டுமே அறையை நாடுதல் தகும்.

விளக்கை மாட்டிய பின் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். மூலையில் பாதியாகக் குறைந்திருப்பின் விளக்கைச் சற்று உயர்த்துக, அல்லது பக்கங்களில் வெள்ளை அட்டை நிறுத்துக. விளக்கு உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுமாதலின், சிறு விசிறி ஒன்று அவசியம். நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் அறையில் நில இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவு கண்டவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனமும் இன்றி விளக்கேற்றலாகாது. மாதம் ஒருமுறை மின்னோட்டத்தை நிறுத்தி, விளக்கின் மேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்து, அதே ஐந்து இடங்களில் மீண்டும் அளந்து குறித்து வைக்கவும்.