பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கலாமா?



நம்ம பேச்சிப்பாறையில் ரப்பர்தான் அதிகம். ஆனால் நம்ம அணைத் தண்ணீர் கீழே இறங்கிப் போய்த்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. அந்த வயலில் பூச்சி விழுந்தால் எப்போது மருந்தடிக்கணும், எப்போது வேண்டாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் பொருளாதாரச் சேதநிலை. பெயரைக் கேட்டு பயந்துராதீங்க, சாதாரண வகுத்தல் கணக்குதான்.

ஒரு ஏக்கருக்கு மருந்தும் கூலியும் சேர்த்து 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெல் கிலோ 24 ரூபாய். 1200ஐ 24ஆல் வகுத்தால் 50. அப்படியென்றால் பூச்சியால் போகிற நெல் 50 கிலோவுக்கும் குறைவு என்றால், மருந்தடிப்பதுதான் நட்டம்! நெல் விலை 20 ரூபாயாக இறங்கினால் இந்த 50 கிலோ 60 கிலோ ஆகிவிடும்.

அதுக்காக 50 கிலோ போகட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நம்ம அணை 48 அடி. மழை வலுத்தால் 48 அடியும் நிறையும் வரை காத்திருக்காமல் முன்னாலேயே உபரித் தண்ணீரைத் திறந்து விடுவார்கள் அல்லவா? அதுபோல நட்டம் வரும் அளவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். பூச்சி அந்தக் கோட்டைத் தொட்டால்தான் மருந்து. 1959ல் கலிபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் என்ற நான்கு விஞ்ஞானிகள் இதை எழுதினார்கள்.

பயிரின் பருவத்தைப் பொறுத்து கோடு மாறும். குருத்துப்பூச்சி என்றால், இளம் பயிரில் நூற்றுக்கு 10 நடுக்குருத்து காயும் வரை பொறுக்கலாம், வேறு தூர் வெடித்து வரும். கதிர் வந்தபிறகு நூற்றுக்கு 2 வெண்கதிர்தான் கணக்கு. போன கதிர் திரும்பி வராதே!

போன கும்பப்பூவில் பூதப்பாண்டி பக்கம் எங்க மாமா வயலில் புகையான் விழுந்தது. விழுந்தால் பயிர் புகை பிடித்த மாதிரி வட்டம் வட்டமாகக் காய்ந்துவிடும். அத்தையின் வளையலை அடகு வச்சுத்தான் உரம் வாங்கியிருந்தார்கள். மாமாவுக்கு உறக்கமே இல்லை. "இன்னைக்கே அடிச்சிருவோம்" என்று நின்றார்கள். அத்தைதான், "முதல்ல எண்ணிப் பாருங்க, பொறவு அடிக்கலாம்" என்றார்கள்.

புகையானுக்குக் கணக்கு தூருக்கு ஒரு பூச்சி. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை விடலாம். நானும் மாமாவும் வயலில் குறுக்கே நடந்து அங்கங்கே 10 குத்து பார்த்தோம். புகையான் மேலே இலையில் இருக்காது, தண்ணீருக்குச் சற்று மேலே அடித்தண்டில்தான் அப்பியிருக்கும். குத்தைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் விழும். 150 தூரில் 190 பூச்சி! மாமா முகம் மாறிவிட்டது. ஆனால் எல்லா குத்திலும் ஒரு சிலந்தியாவது ஓடியது. அப்படியானால் 300 வரை பொறுக்கலாம். மருந்தடிக்காமல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, நான்கு நாள் கழித்து எண்ணினோம். 120. அதற்கடுத்த வாரம் 60கூட இல்லை.

சிலந்திக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கிறீர்களா? ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். புகையான் முட்டையோ இலையுறைக்குள்ளே பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது தின்ன ஆள் இல்லை, முன்னைவிட அதிகமாகப் பெருகும். இந்தோனேசியாவில் இப்படித்தான் ஆனது. அதனால் 1986ல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

கோட்டைத் தாண்டினால் மருந்து அடிக்கத்தான் வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது. புகையானுக்கு அடித்தண்டில் படும்படி அடிக்கணும், மேலாக அடிப்பது வீண். எந்தப் பூச்சிக்கு எத்தனை என்று உங்க வீட்டில் சந்தேகம் வந்தால், திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.